எலியே அளவுகோல்: பூனைக்கு வீட்டில் சமைத்துக் கொடுப்பது பற்றி

பூனை வளர்ப்பவர்களிடம் என்ன உணவு கொடுக்கிறீர்கள் என்று கேட்டால் பதில்கள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். பழைய வழக்கத்தை விடாதவர்கள் பால்சோறு, தயிர்ச்சோறு, மீன் தலை என்பார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் பாக்கெட் உணவு என்பார்கள். அண்மையில் பெருகிவரும் மூன்றாவது கூட்டம், "பாக்கெட்டே கிடையாது, தினமும் கோழிக்கறி வேகவைத்துப் போடுகிறேன்" என்று கொஞ்சம் பெருமையோடு சொல்லும். கேட்பதற்கு இந்த மூன்றாவது வழிதான் பூனையின் இயல்புக்கு மிகவும் பொருந்துவது போல இருக்கிறது. அரைகுறையாகச் செய்தால் பாக்கெட்டைவிட மோசமாக முடியக்கூடியதும் அதுதான். பூனை இறைச்சி தின்னும் விலங்கு என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த இறைச்சி எந்த வடிவத்தில் அதன் வயிற்றுக்குள் போனது என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். எலியாகப் போனது, முழு எலியாக.

வீட்டுப் பூனையின் மூதாதை, ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் திரிந்த காட்டுப்பூனை. மனிதர்கள் உழவு கற்றுத் தானியம் சேர்த்தார்கள். தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் ஒரு மனிதரின் புதைகுழிக்கு அருகே புதைக்கப்பட்டிருந்த பூனையின் எலும்புக்கூடு சுமார் 9,500 ஆண்டுகள் பழையது. இத்தனை காலம் நம்மோடு வாழ்ந்தும் அது நம் சோற்றுக்குப் பழகவில்லை. நாய் பழகியது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுவின் பிரதிகள் நாயிடம் ஓநாயிடம் இருப்பதைவிடப் பல மடங்கு பெருகியிருக்கின்றன. பூனைக்கு அந்த அவசியமே வரவில்லை. களஞ்சியத்தில் எலி இருந்தவரை அதற்கு நம் சோறு எதற்கு?

ஒரு சுண்டெலியின் உடலில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் தண்ணீர். மீதி புரதம், கொழுப்பு, கொஞ்சம் எலும்பு. காட்டிலும் வெளியிலும் தானாக வேட்டையாடி வாழும் பூனைகள் என்ன தின்கின்றன என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் ஒரு கணக்கு வெளியானது. அவற்றின் உணவு ஆற்றலில் 52 சதவீதம் புரதத்திலிருந்தும், 46 சதவீதம் கொழுப்பிலிருந்தும், வெறும் 2 சதவீதம் மாவுச்சத்திலிருந்தும் வருகிறது. ஒரு சுண்டெலியில் ஏறக்குறைய 30 கலோரி. நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்கு 200 முதல் 250 கலோரி வரை வேண்டும். அதாவது ஏழெட்டு எலி, பகலும் இரவுமாகப் பிரித்து. நம் வீட்டுப் பூனை ஒரே மூச்சில் தட்டைக் காலி செய்யாமல் இரண்டு வாய் தின்றுவிட்டு நகர்ந்து, மறுபடி வந்து நிற்பதற்குக் காரணம் இதுதான். அதைப் பிடிவாதம் என்று திட்டுவது நியாயமில்லை.

பூனை தின்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கொஞ்சம் பெரிய கறித்துண்டு கிடைத்தால் தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கும். துண்டைக் கடைவாய்க்குத் தள்ளி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு 'கடுக் கடுக்' என்று கடிக்கும். அங்கேதான் கத்தரி போல ஒன்றை ஒன்று உரசிச் செல்லும் பற்கள் இருக்கின்றன. அதன் தாடை மேலும் கீழும்தான் அசையும். மாட்டைப் போலவோ நம்மைப் போலவோ பக்கவாட்டில் அரைக்காது. உமிழ்நீரில் மாவைச் செரிக்கும் நொதி இல்லை. நாக்கில் இனிப்பை உணரும் அமைப்புக்கான மரபணுக்களில் ஒன்று செயலிழந்து கிடக்கிறது. 2005-இல் பிலடெல்பியாவிலுள்ள மோனெல் ஆய்வு மையம் இதைக் கண்டுபிடித்தது. ஐஸ்கிரீமைப் பூனை ஆவலாக நக்குவது அதிலுள்ள கொழுப்புக்காக. சர்க்கரை இருப்பதே அதற்குத் தெரியாது.

உள்ளே நடப்பது இன்னும் வேடிக்கை. நாம் ஒரு வாரம் கஞ்சி குடித்தால் நம் ஈரல் புரதத்தை எரிப்பதைக் குறைத்துக்கொண்டு சிக்கனமாக இருக்கும். பூனையின் ஈரல் சிம்மில் வைக்க முடியாத அடுப்பு. உணவில் புரதம் வந்தாலும் வராவிட்டாலும் அது புரதத்தை எரித்துக்கொண்டே இருக்கும். வராவிட்டால் தன் தசையையே எடுத்து எரிக்கும். சோறு தின்று வயிறு மட்டும் உப்பி, முதுகெலும்பு துருத்திக்கொண்டு நிற்கும் பூனைகளைத் தெருவில் பார்த்திருப்பீர்கள். இதற்காகப் பூனைக்கு அரிசி நஞ்சு என்று சொல்ல வரவில்லை. நன்றாக வெந்த மாவுச்சத்தைப் பூனையால் ஓரளவு செரிக்க முடியும். அது இறைச்சியின் இடத்தைப் பிடித்துக்கொள்வதுதான் சிக்கல்.

அடுத்தது, எலி செய்துகொடுத்துவிடுவதால் பூனை தானாகச் செய்யாமல் விட்டுவிட்ட சத்துகள். கேரட்டின் நிறமியிலிருந்து நாம் வைட்டமின் ஏ தயாரித்துக்கொள்வோம். பூனையால் முடியாது, ஈரலிலிருந்து நேராகவே வேண்டும். வெயிலில் எவ்வளவு நேரம் படுத்தாலும் அதன் தோலில் வைட்டமின் டி போதிய அளவு உருவாகாது. தாவர எண்ணெயைக் கொடுத்தால் அதிலிருந்து தனக்கு வேண்டிய அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தை ஆக்கிக்கொள்ளும் திறன் மிகக் குறைவு. அது விலங்குக் கொழுப்பில்தான் இருக்கிறது. ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் ஒரே ஒரு வேளை உணவில் அறவே இல்லாமல் போனால்கூட, சில மணி நேரத்தில் இரத்தத்தில் அம்மோனியா ஏறிப் பூனை துவண்டுவிடும். புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்ற பழமொழியைச் சொன்னவர் மானத்தைப் பற்றிப் பேசினார். உயிரியலாகவும் அது சரியாகத்தான் இருக்கிறது. (புலியும் பூனையும் அவ்வப்போது புல்லைக் கடிக்கும் என்பது வேறு கதை, அது சாப்பாட்டுக்காக அல்ல.)

இந்தப் பட்டியலில் டாரின் என்ற சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதயம், மூளை, தசை, கடல்வாழ் உயிர்கள் ஆகியவற்றில் நிறைய இருக்கும் பொருள் இது. தாவரங்களில் ஏறக்குறைய இல்லை. 1975-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், பாலின் புரதமான கேசினை மட்டும் புரதமாகக் கொடுத்து வளர்த்த பூனைகளின் விழித்திரை சிதைந்துபோவதற்கு டாரின் குறைவே காரணம் என்று காட்டினார்கள். கதை அதோடு முடியவில்லை. 1980-களில் பல பூனைகள் இதயம் பலூன் போல விரிந்து பலவீனமாகும் நோயால் இறந்துகொண்டிருந்தன. அவை ஏதோ கண்டதைத் தின்ற பூனைகள் அல்ல. கடையில் வாங்கிய, முழுச்சத்து என்று அச்சிட்ட உணவைத் தின்றவை. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பியான் என்ற கால்நடை இதய மருத்துவர் அந்தப் பூனைகளின் இரத்தத்தில் டாரின் மிகக் குறைவாக இருப்பதைக் கவனித்தார். டாரினைத் தனியாகக் கொடுத்தபோது, சாகக் கிடந்த பூனைகள் பல தேறின. 1987-இல் அந்த ஆய்வு வெளியானதும் தயாரிப்பாளர்கள் உணவில் டாரின் அளவை உயர்த்தினார்கள். அந்த இதய நோய் அதன்பிறகு அரிதாகிவிட்டது. இந்தக் கதையை இரண்டு தரப்பும் தமக்குச் சாதகமாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். "பார்த்தீர்களா, பாக்கெட்டை நம்பக் கூடாது" என்பார் ஒருவர். "பார்த்தீர்களா, பாக்கெட்டில் குறை தெரிந்ததும் சரிசெய்துவிட்டார்கள், உங்கள் சட்டியில் குறை இருந்தால் யார் பார்ப்பது?" என்பார் இன்னொருவர். எனக்கு இரண்டாமவர் கேள்வி கொஞ்சம் கனமாகப் படுகிறது.

நம் பாட்டி வீட்டுப் பூனை பால்சோறு தின்று பத்து வருடம் வாழ்ந்ததே என்ற கேள்வி வரும். வாழ்ந்தது உண்மை. அது பால்சோற்றில் வாழ்ந்ததா என்பதுதான் சந்தேகம். ராத்திரி நெற்குதிருக்குப் பின்னால் அது என்ன செய்தது என்பதை யாரும் எண்ணிவைக்கவில்லை. எலி, பல்லி, ஓணான், குருவி, வெட்டுக்கிளி எல்லாம் அதன் உணவு. பால்சோறு ஊறுகாய் மாதிரி. ஏழாவது மாடியில் வலையடித்த பால்கனிக்குள் இருக்கும் பூனைக்கு அந்த இரவுச் சாப்பாடு கிடையாது. நீங்கள் தட்டில் வைப்பதுதான் அதன் உலகம் முழுவதும். பாலுக்கு இன்னொரு குறையும் உண்டு: வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிக்காது, வயிற்றுப்போக்கில் முடியும்.

பாக்கெட்டில் வரும் உலர் உணவின் பெரிய குறை தண்ணீர். எலியில் 70 சதவீதம் என்றால் அதில் 10 சதவீதமோ அதற்கும் குறைவோதான். வறண்ட நிலத்திலிருந்து வந்த விலங்கு என்பதால் பூனைக்குத் தாக உணர்வு மந்தம். இரையிலிருந்தே நீரை எடுத்துக்கொண்டு, சிறுநீரைக் கெட்டியாக்கிச் சமாளிக்கும். உலர் உணவு தின்னும் பூனை கிண்ணத்தில் தண்ணீர் குடித்தாலும், டின்னில் வருவது போன்ற ஈர உணவு தின்னும் பூனைக்குக் கிடைக்கும் மொத்த நீரை எட்டுவதில்லை. சிறுநீர்ப்பைத் தொல்லை உள்ள பூனைகளுக்கு மருத்துவர்கள் ஈர உணவைப் பரிந்துரைப்பதற்கு இதுவே காரணம். இன்னொரு குறை மாவுச்சத்து. மாவு இல்லாமல் அந்தக் குட்டி வில்லைகள் உருவம் பிடித்து நிற்காது. ஆனாலும் தரமான பாக்கெட்டில் டாரினும் கால்சியமும் வைட்டமின்களும் கணக்குப் பார்த்துச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. இதை மறந்துவிட்டு அடுத்த பத்திக்குப் போகாதீர்கள்.

ஏனென்றால் வெறும் கோழி நெஞ்சுக்கறியின் கதை இப்போது வருகிறது. இறைச்சியில் பாஸ்பரஸ் நிறைய; கால்சியம் மிகச் சொற்பம். பூனைக்கு இரண்டும் ஏறக்குறைய சமமாக வேண்டும், கால்சியம் சற்றுத் தூக்கலாக இருந்தால் நல்லது. இறைச்சியிலோ பாஸ்பரஸ் பத்துப் பதினைந்து மடங்கு அதிகம். எலியில் இந்தக் கணக்கை எலும்பு நேர்செய்கிறது. எலும்பில்லாக் கறியை மட்டும் தின்னும் குட்டியின் உடல், இரத்தத்தில் கால்சியம் குறையக் கூடாது என்பதற்காகத் தன் எலும்பிலிருந்தே அதை உருவுகிறது. சில வாரங்களில் குட்டி தாவத் தயங்கும், நொண்டும், தொட்டால் கத்தும். நாற்காலியிலிருந்து குதித்தாலே கால் எலும்பு முறியும். அன்பாக வளர்க்கும் வீடுகளில்தான் இது அதிகம் வருகிறது என்பது வருத்தமான உண்மை.

சரி, ஈரலைக் கொடுத்துவிடலாமே என்றால் அங்கும் அளவு உண்டு. ஈரலில் வைட்டமின் ஏ குவிந்திருக்கிறது. எலியின் உடலில் ஈரல் ஒரு சிறு பங்குதான். தினமும் ஈரலையே தின்னும் பூனைக்கு மாதக்கணக்கில் கழுத்து முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தலையைத் திருப்பித் தன்னையே நக்கிக்கொள்ள முடியாமல் போகும். மீனுக்கும் கணக்கு உண்டு. மத்தி, நெத்திலி போன்ற மீன்களைப் பச்சையாகக் கொடுத்தால் அவற்றிலுள்ள ஒரு நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். வேகவைத்தால் அந்த நொதி செயலிழக்கும். சூரை மீனையே நாள்தோறும் கொடுத்தால் வைட்டமின் ஈ பற்றாக்குறையால் உடல் கொழுப்பு வீங்கி வலிக்கும் நோய் வரலாம். கருவாட்டில் உப்பு. மீன் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும். பூனையின் மூதாதை மீனவர் குடியல்ல.

இனி, பச்சையா வேகவைத்ததா என்ற சண்டை. பச்சைக்கறிக் கட்சி அடிக்கடி எடுத்துவைக்கும் சான்று, 1930-களில் கலிபோர்னியாவில் பிரான்சிஸ் பாட்டெஞ்சர் என்ற மருத்துவர் நடத்திய சோதனை. வெந்த இறைச்சி தின்ற பூனைகள் தலைமுறைக்குத் தலைமுறை நலிந்தன, பச்சை தின்றவை செழித்தன என்பது அதன் முடிவு. டாரின் பூனைக்கு இன்றியமையாதது என்று அப்போது யாருக்கும் தெரியாது. வேகும்போது டாரினில் ஒரு பகுதி கசிந்து தண்ணீரில் இறங்கிவிடும். தண்ணீரைக் கொட்டினால் டாரினும் போய்விடும். இன்று அந்தச் சோதனையைப் பார்க்கும்போது முதல் சந்தேகம் அங்கேதான் விழுகிறது. டாரினைத் தனியாகச் சேர்க்க முடிகிற காலத்தில் இந்த வாதத்துக்குப் பழைய வலு இல்லை.

பச்சைக்கு எதிரான காரணங்களோ கூடிக்கொண்டே போகின்றன. சால்மோனெல்லா பாக்டீரியா பழைய எதிரி. எச்5என்1 பறவைக் காய்ச்சல் புதியது. பூனை இனத்தைக் குறிப்பாகக் கடுமையாகத் தாக்குகிறது. 2004-இல் தாய்லாந்தின் சி ராச்சா புலிப் பூங்காவில் பச்சைக் கோழி தின்ற புலிகளிடையே இது பரவி, நூற்றுக்கும் மேற்பட்டவை இறந்தன அல்லது கொல்லப்பட்டன. 2024 டிசம்பரில் நாக்பூர் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இறந்ததற்கும் எச்5என்1 கிருமியே காரணம் என்று உறுதியானது. அதே மாதம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், உறையவைத்த பச்சை இறைச்சி உணவைத் தின்ற வீட்டுப் பூனை ஒன்று இதே கிருமியால் இறந்தது. உறைபெட்டி சில ஒட்டுண்ணிகளைக் கொல்லும்; வைரசைக் கொல்லாது. நம் ஊர்க் கோழிக்கடையில் கத்தியும் கட்டையும் இருக்கும் நிலையைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் பச்சைக்கறிப் பேச்சையே எடுக்க வேண்டாம். என் கட்சி வேகவைத்த கட்சி.

ஒரு கிலோ செய்வதாக வைத்துக்கொள்வோம். தோல் இருக்க எலும்பு மட்டும் நீக்கிய கோழித் தொடைக்கறி 850 கிராம், கோழி இதயம் 100 கிராம், ஈரல் 50 கிராம். நெஞ்சுக்கறியைவிடத் தொடையில் கொழுப்பும் டாரினும் அதிகம். இதயத்தில் இன்னும் அதிகம். கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் இதயத்தைத் தனியாக எடுத்துவைப்பார். குறைந்த தண்ணீரில், மெல்லிய தீயில், மூடிவைத்து வேகவிடுங்கள். குக்கரில் ஐந்து விசில் வேண்டாம். உள்ளே சிவப்பு மறைந்தால் போதும். உப்பு, மஞ்சள், எதுவும் போடவேண்டியதில்லை. வெந்த தண்ணீரைக் கொட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். கறியைப் பொடியாக நறுக்கியோ மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றியோ அந்தத் தண்ணீரோடு கலந்துவிடலாம்.

எலும்புக்குப் பதில் முட்டை ஓடு. கழுவி, கொதிநீரில் போட்டெடுத்து, நன்றாகக் காயவைத்து மிக்ஸியில் பொடியுங்கள். விரல்களுக்கிடையே தேய்த்தால் முகப்பவுடர் மாதிரி இருக்க வேண்டும். நறநறத்தால் சலித்து மறுபடி பொடிக்க வேண்டும். ஒரு கிலோ கறிக்குத் தலைதட்டிய ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் ஐந்து கிராம். ஆறியபின் டாரின் 2,000 மில்லிகிராம். மருந்துக்கடையிலோ உடற்பயிற்சி சத்துப்பொருள் விற்கும் கடையிலோ வேறு எதுவும் கலக்காத தூளாகக் கேட்டு வாங்குங்கள். வேகவைத்த இரண்டு முட்டை மஞ்சள் கருவைப் பிசைந்து சேர்க்கலாம். நான்கு கிலோ பூனைக்கு நாளொன்றுக்கு 120 முதல் 150 கிராம் வரை ஆகும். வேளைக்கு வேளை பிரித்து உறைபெட்டியில் வையுங்கள். எடுத்ததும் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் பனி இளகவிட்டு, கிண்ணத்தை வெந்நீரில் உட்காரவைத்துச் சூடேற்றுங்கள். எலியின் உடல் சூடு வந்தால் வாசனை எழும்பும். சில்லென்று வைத்தால் முகர்ந்துவிட்டுப் போய்விடும்.

இவ்வளவு செய்தும் இது முழு உணவல்ல. வைட்டமின் ஈ, பி1, டி, அயோடின், துத்தநாகம், மாங்கனீஸ் இன்னும் குறையாகவே இருக்கின்றன. டேவிஸ் பல்கலைக்கழகத்தினர் 2019-இல் நூற்றுக்கும் மேற்பட்ட வீட்டுச் செய்முறைகளை, கால்நடை மருத்துவர்கள் எழுதியவற்றையும் சேர்த்து, அலசிப் பார்த்தார்கள்; ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஏதோ ஒரு சத்து குறைந்தது. ஆகவே மேலே சொன்னதை ஒரு தொடக்கமாக மட்டும் கொள்ளுங்கள். மொத்த உணவில் பத்தில் ஒரு பங்குவரை இப்படிக் கொடுத்து, மீதிக்கு முழுச்சத்து என்று குறிப்பிட்ட ஈர உணவைக் கொடுப்பது யாருக்கும் பாதுகாப்பான வழி. முழுவதும் வீட்டுச் சமையல்தான் என்று முடிவெடுத்தால், கால்நடை ஊட்டச்சத்து தெரிந்த மருத்துவரிடம் உங்கள் பூனையின் எடைக்கும் வயதுக்கும் செய்முறையும் சத்துக்கலவையும் எழுதி வாங்குங்கள். சைவ வீட்டில் கறி சமைக்க முடியாது என்பவர்களுக்கு டின் உணவு இருக்கிறது. அதையும் தொட மாட்டேன் என்றால் முயல் வளர்க்கலாம். பூனையைச் சைவமாக்கும் முயற்சி மட்டும் வேண்டாம்.

நம் சமையலறையில் விலக்க வேண்டியவை சில. வெங்காயம், பூண்டு எந்த வடிவிலும் கூடாது, சிவப்பணுக்களைச் சிதைக்கும். குழம்பில் கிடந்த கறியைக் கழுவிப் போட்டாலும் அவற்றின் சாறு உள்ளே இறங்கியிருக்கும். வெந்த எலும்பு முள்ளாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். திராட்சை, சாக்லேட் வேண்டாம்.

சில பூனைகளிடம் நீங்களாக எதையும் மாற்றக் கூடாது. வளரும் குட்டி, சினைப்பூனை, சிறுநீரகக் கோளாறு உள்ள கிழட்டுப் பூனை, இன்சுலின் போட்டுக்கொள்ளும் பூனை. கடைசியாகச் சொன்னதற்கு உணவில் மாவுச்சத்து திடீரென்று குறைந்தால் அதே அளவு இன்சுலின் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும்.

மற்றப் பூனைகளுக்கும் மாற்றம் மெதுவாகத்தான். நாள் முழுக்கக் கிண்ணத்தில் உலர் உணவு கிடப்பதை முதலில் நிறுத்தி, வேளைக்கு வைத்து எடுக்கப் பழக்குங்கள். பிறகு பழைய உணவில் ஒரு கரண்டி புதியதைக் கலந்து, பத்து நாளோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டு கூட்டிக்கொண்டே போங்கள். வில்லைகளுக்கே அடிமையான பூனைக்கு, அவற்றைப் பொடித்து மேலே தூவிக் கொடுத்தால் ஏமாறும். கழிவு மணலில் சிறுநீர்க் கட்டிகள் பெரிதாவதும், மலம் அளவில் குறைந்து நாற்றம் தணிவதும் நல்ல அறிகுறிகள். தண்ணீர்க் கிண்ணத்தைச் சீந்தாமல் போவதைக் கண்டு பதற வேண்டாம். தட்டிலேயே தண்ணீர் இருக்கிறது. ஆண் பூனை மணலில் உட்கார்ந்து முக்கியும் சொட்டுகூட வராவிட்டால் அது வேறு விஷயம். விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

"பசித்தால் தானே தின்னும்" என்று பட்டினி போடுவது மட்டும் கூடவே கூடாது. நாய்க்கு அது பலிக்கலாம். குண்டான பூனை இரண்டு மூன்று நாள் தின்னாமலிருந்தால் உடல் கொழுப்பெல்லாம் ஈரலில் வந்து குவிந்து ஈரலே செயலிழக்கத் தொடங்கும். ஒரு நாள் முழுக்கப் புதிய உணவைத் தொடவில்லையா, பழையதையே திருப்பி வையுங்கள். அதையும் தொடவில்லை என்றால் மறுநாள் காலையிலேயே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.